மெல்லக் கற்போரும் விரைந்து கற்போரும்

ஒரே வகுப்பில் அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரே விரைவில் கற்பதில்லை. இவ்வுண்மையை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கறிந்திருந்தனர். பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, அன்னம், பசு, மண், கிளி முதலான எட்டு உவமைகளால் விளக்குகிறது. இவற்றுள் மண் நம் சிந்தனைக்குரியது. உழவன் உழைக்கும் அளவிற்கே அது விளைவு தரும். மாணவரின் தேர்ச்சியில் ஆசிரியரின் உழைப்புக்கும் பங்குண்டு என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும், ஓர் ஆசிரியர் நாற்பது மாணவர்க்குக் கற்பிக்கும் இடத்தில், பாடம் பெரும்பாலும் நடுத்தர மாணவரை நோக்கியே நடைபெறுகிறது. மெல்லக் கற்போர் புரியாமையால் வாய் மூடுகின்றனர். விரைந்து கற்போர் அறிந்ததையே மீண்டும் கேட்டுச் சோர்கின்றனர். இருவருமே இழக்கின்றனர்.

நம் திண்ணைப் பள்ளிகள் இதற்கொரு வழி கண்டிருந்தன. தேர்ந்த மாணவனான சட்டாம்பிள்ளை பிறர்க்குக் கற்பித்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனை மேற்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூல்வழி இது ‘மதராஸ் முறை’ எனப் பரவிற்று. எனினும், நூற்றுக்கணக்கானோரை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்துச் செலவைச் சுருக்கும் கருவியாக இங்கிலாந்தில் அது மாறியபோது, மனப்பாடமே மேலோங்கியது.

2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளின் கற்றல் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் என வகுத்தது. கடை எனும் பெயர் முடிவைச் சொல்லும்; அரும்பு எனும் பெயரோ வளர்ச்சியைச் சொல்லும்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பிரிவு பாடத்தைப் பொறுத்து அமைதல் வேண்டும், ஆளைப் பொறுத்தன்று. பின்னக் கணக்கில் இடறும் சிறுவன் செய்யுளில் முந்தலாம். இரண்டாவது, விரைந்து முடித்தவர்க்கு மேலும் பத்துக் கணக்குகள் தருவது பரிசாகாது. அதே கணக்கை வேறு வழியில் செய்யத் தூண்டுவதே அறிவை ஆழமாக்கும். மூன்றாவது, தோழனுக்கு விளக்குவோன் தானும் தெளிவு பெறுகிறான். ஆனால் அது ஆசிரியரின் கடமைக்கு ஈடாகாது.

ஆண்டு விழாக்களில் முதல் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கும் பெரியோர், சென்ற ஆண்டு தவறி இவ்வாண்டு தேறிய மாணவனையும் மேடைக்கு அழைப்பாராக. அவன் ஏறிய படிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல.