நமக்கு மற்றொரு கண் வேண்டும்

வானசாஸ்திர ஆராய்ச்சி செல்வம் மிகுந்த அந்நிய தேசத்தாருக்கே உரியது, அவர்கள் கண்டு சொல்வதைப் படித்து அறிந்துகொண்டால் நமக்குப் போதும் என்ற எண்ணம் நம்மவரில் சிலரிடம் இன்னமும் குடிகொண்டிருக்கிறது. இவ்வெண்ணம் தவறென்பதற்கு அஸ்ட்ரோசாட் என்னும் துணைக்கோளே சாட்சி. 2015 செப்டம்பர் 28-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ராக்கெட்டே அதை ஏற்றிச் சென்றது. அதிலுள்ள காட்மியம்-துத்தநாக-டெல்லூரைடு கருவி, இயங்கத் தொடங்கிய முதல் நாளான அக்டோபர் 6-ம் தேதியன்றே, காமா கிரண வெடிப்பு ஒன்றைப் பிடித்துவிட்டது. 2023 நவம்பரில் அறுநூறாவது வெடிப்பும் பதிவாயிற்று. ஐந்தாண்டுக்கென வகுக்கப்பட்ட துணைக்கோள் தன் பத்தாம் ஆண்டையும் நிறைவு செய்தது.

காமா கிரண வெடிப்பு என்பது யாது? அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா துணைக்கோள்கள், 1967-ல் தற்செயலாகக் கண்ட விந்தை இது. 1973-ல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் அடங்கிவிடுபவை குறுவெடிப்புகள். ஒன்றையொன்று சுற்றிவரும் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போது அவை பிறக்கின்றன. காற்று மண்டலம் இக்கிரணங்களைத் தரைக்கு விடுவதில்லை. ஆகையால் கருவி வானிலேயே இருக்கவேண்டும். வெடிப்பு முன்னறிவிப்புக் கொடுத்து வருவதுமில்லை. கருவியைத் திருப்பிக் குறிபார்க்க அவகாசமேது? நமது கருவியின் சிறப்பு இங்கேதான். 16,384 சிறு கட்டங்கள் கொண்ட அதன் சுவர்களை வலிமை மிக்க கிரணங்கள் ஊடுருவிவிடுவதால், எத்திசையில் வெடித்தாலும் அது உணர்ந்துகொள்கிறது.

ஆயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. 2017 ஆகஸ்டு 17-ம் தேதி, சுமார் பதின்மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நிகழ்ந்த நட்சத்திர மோதலின் ஈர்ப்பலையை அமெரிக்க லைகோ நிலையங்கள் உணர்ந்தன. 1.7 விநாடி கழித்து, அமெரிக்கரின் பெர்மி துணைக்கோள் குறுவெடிப்பைக் கண்டது. பொன் போன்ற கனத்த உலோகங்கள் இத்தகைய மோதலில் உண்டாகின்றன என்பது அதன்பின் உறுதியாயிற்று. புனே அருகிலுள்ள நமது பெரும் ரேடியோ தொலைநோக்கியும் அதன் ஒளிர்வைப் பின்னர் ஆராய்ந்தது. ஆனால் வெடிப்பு நேர்ந்த கணத்தில் அஸ்ட்ரோசாட் அதைக் காணவில்லை. இடையே பூமி நின்று மறைத்துவிட்டது!

உத்திரமேரூரை அடுத்த பெருநகரில் வயல் நடுவே நிற்கும் உழவர் பாதி வானத்தைத்தான் காண்கிறார். மறுபாதியை அவர் காலடி மண் மறைக்கிறது. 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளுக்கும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வானம் மறைந்தே கிடக்கிறது. இது கருவியின் குற்றமன்று; ஒற்றைக் கண்ணின் குறை.

இக்குறை தீர வழியும் நம்மவரே கண்டிருக்கின்றனர். பூமியின் இரு எதிர்ப்புறங்களிலும் இரண்டு துணைக்கோள்களை நிறுத்தி, முழு வானத்தையும் ஓயாது காவல் காக்கும் ‘தக்ஷா’ திட்டத்தை பம்பாய் ஐ.ஐ.டி.யும் பிற நிலையங்களும் சேர்ந்து முன்வைத்திருக்கின்றன. மகாராஷ்டிரத்து ஹிங்கோலி ஜில்லாவில் லைகோ நிலையம் அமைக்க மத்திய மந்திரி சபை 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி அளித்தது. ஈர்ப்பலையைக் கேட்கும் செவிக்கு இவ்வளவு செலவிட ஒப்பிய தேசம், அதே மோதலின் ஒளியைக் காணும் கண்ணுக்கு அந்நியரை நம்பியிருப்பது முறையா? 2004-ல் ஏறிய ஸ்விப்டும், 2008-ல் ஏறிய பெர்மியும் என்றென்றும் இயங்குபவை அல்ல.

பசித்தவனுக்கு இது சோறிடுமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் நுண்ணிய கருவிகளை நாமே செய்யக் கற்ற கை, மருத்துவத்திலும் தொழிலிலும் பிறரிடம் ஏந்தும் கையாக இராது. அறிவில் அடிமைப்பட்ட தேசம் வயிற்றுப்பாட்டிலும் விடுதலை பெற்றதாகச் சரித்திரமில்லை. தக்ஷாவைக் காலதாமதமின்றி வானேற்றுவது சர்க்காரின் கடமை; அதை வற்புறுத்திக் கேட்பது நமது கடமை.