பாட்டும் படமும் தாங்கும் தகடு

2018ஆம் ஆண்டில் என் மூத்த தமையனாருக்கு எழுபது அகவை நிறைந்தது. எங்கள் அன்னையார் 1984இல் பாடிய தாலாட்டுகள் ஓர் ஒலிநாடாவில் இருந்தன. அதைக் கணினிக்கு ஒருமுறை மாற்றி முடித்ததும் நைந்த நாடா அறுந்துவிட்டது. அப்பாடல்களையும் குடும்பப் படங்களையும் ஒரு குறுந்தகட்டில் பதிந்து, அதையே பரிசாகக் கொண்டு சென்றேன். என் கணினியில் அது செவ்வையாக ஒலித்தது. தமையனார் இல்லத்திலோ, உற்றார் கூடத்தில் அமர்ந்திருக்க, டி.வி.டி. பிளேயர் அதைச் சற்றே சுழற்றிப் பார்த்துவிட்டுத் தகடே இல்லை என்று எழுத்துக் காட்டியது. "போகட்டும் தம்பி, சாப்பாட்டுக்கு நேரமாயிற்று" என்றார் அவர். முப்பத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு அன்று உணவு இறங்கவில்லை.

பிழை என்னுடையதே. பின்னர் மேலும் சில படங்களைச் சேர்க்கலாம் என்று எண்ணித் தகட்டை மூடாமல் விட்டிருந்தேன். மூடுதல் என்றால் என்ன என்பதைச் சொல்லுகிறேன். குறுந்தகட்டில் செய்தியானது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாக எழுதப்படுகிறது. அச்சுருளை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதன் தொடக்கத்தில் பொருளடக்கத்துக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். புத்தகத்தின் பொருளடக்கம் முதலில் நிற்பினும் கடைசியில் அச்சாவது போல, இங்கும் எல்லாம் எழுதி முடிந்த பின்னரே அது எழுதப்படும். அதுவரை எழுதிய கருவி தன் குறிப்பைக் கொண்டு தகட்டைப் படித்துவிடும். வீட்டுக் கருவிக்கோ பொருளடக்கம் இல்லாத தகடு வெறுந்தகடே. ஆகவே பதிவின் முடிவில் 'ஃபைனலைஸ்' என்னும் கட்டளையை மறவாது கொடுத்தல் வேண்டும். விண்டோஸ் கணினி, தகட்டைப் பென் டிரைவைப் போல் பயன்படுத்துவதா, பிளேயரில் இயக்குவதா என்று கேட்குமாயின், பின்னதையே தேர்ந்தெடுங்கள்.

இனி, இசையைப் பதிய இரு வழிகள் உண்டு. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் முறை ஒன்று. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதன் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால்தான் ஒலியை மீட்க முடியும். ஆதலின் நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்க இரும எண்ணாக, இரு ஒலிவழிகளுக்கும் எழுதுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 14,11,200 பிட்டுகள். இம்முறையில் ஒரு தகட்டில் 80 நிமிடமே அடங்கும். மற்றொன்று எம்.பி.3. நொடிக்கு 1,28,000 பிட்டுகள் என்று சுருக்கினால் 12 மணி நேர இசை அதே தகட்டில் அடங்கிவிடும். ஆனால் உரத்த ஒலியின் அருகே செவிக்குப் புலப்படாது என்று கருதப்படும் மெல்லொலிகளை அது கழித்துவிடுகிறது. கடையில் மீண்டும் கிடைக்கும் திரைப்பாட்டுக்கு அது போதும். மறுபடி எடுக்க முடியாத குரலைச் சுருக்காமல் வைப்பதே என் கட்சி.

படங்களில் நான் செய்த பிழைகள் நகைப்புக்கு உரியவை. அலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில், 'இதைத் திருப்பிக் காட்டுக' என்னும் குறிப்பு மட்டும் சேர்ந்திருக்கும். கணினி அதை மதிக்கும். பிளேயர்கள் பல மதிப்பதில்லை. பின்னொரு நாள் தகட்டை மூடிப் பார்த்தபோது, நின்றுகொண்டிருந்த எங்கள் அத்தை திரையிலே பக்கவாட்டில் படுத்திருந்தார்! படத்தைக் கணினியிலேயே திருப்பிச் சேமித்துவிட வேண்டும். நீளப் பக்கம் 1,600 புள்ளிகளாகக் குறைத்தால் கருவி விரைவில் படத்தைக் காட்டும். ஜேபெக் படங்களில் 'புரோகிரெஸிவ்' என்னும் வகையைப் பல பிளேயர்கள் திறப்பதில்லை. சாதாரண வகையே நலம். கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டேன். திரையில் வெறுங்கட்டங்களே தோன்றின. எண்ணிடும்போது 1, 2 என்னாமல் 01, 02 என்று இடுங்கள். இல்லையேல் 10ஆம் படம் 2ஆம் படத்துக்கு முன்னே வந்து நிற்கும்.

தகட்டின் மேற்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் எழுதாதீர்கள். பளபளக்கும் அடிப்புறத்தை நாம் பொத்திக் காக்கிறோம். ஆனால் செய்தி இருப்பது மேற்புறத்து மெல்லிய பூச்சின் கீழே. மென்முனைப் பேனா கொண்டு எழுதி, வெயில் படாத உறையில் இடுங்கள்.

அவ்வாண்டுத் தீபாவளிக்குத் தமையனார் வீட்டுக்கு மறுபடி சென்றேன். இம்முறை தாலாட்டுக்கென்று தனித்தகடு, சுருக்காமல். படங்களுக்கு வேறொரு தகடு. யாரும் எழுமுன் அவருடைய கருவியிலேயே இரண்டையும் இட்டுச் சோதித்தேன். ஆனால் அண்ணா விழித்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டவர், மூன்றாம் பாட்டின் நடுவே கையை உயர்த்தி, "வாசலில் வண்டி போகிறது, கேட்டாயா?" என்றார். மீண்டும் ஓட்டிக் கேட்டேன். அன்னையின் குரலுக்கு அடியில், மிக மெல்லியதாக, மாட்டின் கழுத்து மணி.