இணையத்தளம் அமைக்கக் கற்றோம்

இணையத்தளம் என்றால் யாதென அறியாதார் இன்று மன்னார்த் தீவில் அரியர். பேசாலைக் கரையில் வலை செப்பனிடுவோரும் ஓய்ந்த வேளையிற் கைத்தொலைபேசியில் ஏதேனும் ஒரு தளத்தைப் பார்த்திருக்கின்றனர். ஆயினும், நல்ல தளம் எத்தகையது, அதனை அமைப்போர் எவற்றைக் கற்றல் வேண்டும் என்பனவற்றைச் சிந்திப்போர் சிலரே. கல்லூரியின் விழாவையொட்டி ஒரு தளம் அமைக்கும் பணி எம்மிடம் வந்தபோது, ஆசிரியர் மூவரும் உயர்தர வகுப்பு மாணவர் ஒன்பதின்மரும் ஒருங்குகூடி அக்கலையின் அரிச்சுவடியைப் பயின்றோம். பணங் கொடுத்துப் பிறரைக்கொண்டு செய்விக்கலாமே எனச் சிலர் வினவினர். செய்விக்கலாம், செய்வித்தபின் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அவர் வாயிலிற் காத்து நிற்றல் வேண்டும்.

முதல் மூன்று கிழமையும் கணினியைத் தொட்டிலோம். தாளும் பென்சிலுமே எம் கருவிகள். இத்தளத்துக்கு வருவோர் யாவர், எதனை நாடி வருவர் என்னும் வினாக்களைக் கரும்பலகையில் எழுதிவைத்தோம். மாணவர் முதலில் வரைந்த முகப்புகளில் வாழ்த்துரைகளும் இலச்சினையும் ஓடும் எழுத்துக்களுமே நிறைந்திருந்தன. வருவோர் அவற்றையா நாடுவர்? 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பன்முறை இடப்பெயர்வு கண்ட மாவட்டம் இது. வீட்டோடு நிழற்படங்களையும் பழைய மலர்களையும் இழந்தோர் பலர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து தளத்தைத் திறக்கும் பழைய மாணவர், தம் வகுப்பின் படத்தையும் தம் கட்டுரை வெளிவந்த மலரையுமே தேடுவார். பெற்றோர் தவணை தொடங்கும் நாளைத் தேடுவர். இவை ஒரே தொடுகையிற் கிடைத்தல் வேண்டுமென முடிவு செய்தவுடன், முகப்பிற் பாதி தானாகவே அழிந்துபோயிற்று.

அதன் பின்னரே கணினிப் பாடம். வையவிரிவலையை ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், ஜெனீவா நகரை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அவர் வகுத்த எச்.ரி.எம்.எல். என்னுங் குறிமொழி, இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல் என ஒவ்வொன்றின் இயல்பைக் கூறுவது. நிறம், அளவு, இடைவெளி முதலியவற்றை விதிக்கும் சி.எஸ்.எஸ். பின்வந்தது, அதன் முதற்பதிப்பு 1996ஆம் ஆண்டுக்குரியது. பொருள் வேறு, அணி வேறு எனப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. தலைப்பைத் தலைப்பெனக் குறியாது, எழுத்தை மட்டும் பெரிதாக்கி விட்டால், கட்புலனற்றோர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதனைத் தலைப்பென அறியாது கடந்துவிடும்.

தமிழுக்கெனச் சில தனித்தேவைகளும் உள. எம் எழுத்துக்களின் மேல்விலங்கு மேலே எழும். கீழ்விலங்கு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரியிடைவெளியில் இவை ஒன்றோடொன்று முட்டுவதால், வரியின் உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்கு மேலாக வைத்தோம். சொற்களும் நீண்டவை. "பழைய மாணவர் சங்கம்" என்பது கைத்தொலைபேசித் திரையில் ஒரு பொத்தானுள் அடங்காது வழிந்தோடிற்று. திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை ஈதன் மார்க்கொட் என்பார் 2010ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். அம்முறையைக் கைக்கொண்டு, பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கவிட்டோம்.

எம்மைப் பெரிதும் வருத்திய பிழையையும் மறையாது கூறுதல் முறை. பழைய மலர்கள் சிலவற்றின் கணினிக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. இலங்கையிற் பல்லாண்டு வழங்கிய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. யாம் அக்கோப்புகளை அவ்வாறே தளத்தில் இட்டு, பாமினியிற் காட்டுக எனவும் விதித்தோம். எம் கணினிகளில் அவ்வெழுத்துரு இருந்தமையாற் செந்தமிழாகவே தோன்றிற்று. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர் ஒருவரோ, தம் பெயருக்குரிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே கிடக்கின்றன என எழுதினார். நாற்பதாண்டு கழித்துத் தம் பெயரைத் தேடி வந்தவர்க்கு யாம் காட்டியது அது!

மாணவர் உடனே மலரின் பக்கங்களைப் படம் பிடித்து இட்டனர். கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது, தேடுபொறிக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படமும் மூன்று நான்கு மெகாபைட்டு நிறையுடையது; அலைவரிசை மெலிந்த கரையோர ஊர்களில் அது திறப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். யுனிக்கோட்டு முறையில் "மன்னார்" என்னுஞ் சொல் ஏழு குறிகளாகும். குறி ஒன்றுக்கு 3 பைட்டாக 21 பைட்டு. ஒரு கட்டுரை முழுவதையும் எழுத்தாக இட்டாலும் ஒரு படத்தின் நூற்றிலொரு பங்கும் ஆகாது. எனினும் படத்தை இகழ்கின்றிலோம். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற "நூலகம்" என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் காத்துவருவதை யாவரும் அறிவர். அச்சிட்டவாறே இருந்தமைக்குப் படம் சான்று. தேடிப் பெறுதற்கு எழுத்து வேண்டும். பாமினியை யுனிக்கோட்டாக மாற்றும் மென்பொருள்கள் உள. ஆயின், இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழெனக் கருதிச் சிதைத்துவிடும். ஆதலின் இருவர் இருவராக அமர்ந்தோம்: ஒருவர் அச்சுப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் திரையிற் சரிபார்த்தார்.

தளத்தை வெளியிடுமுன் ஐவரிடங் கொடுத்துப் பார்த்தோம். ஐவர் பயன்படுத்திப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்பது யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கருத்து. அவர்க்கு எதனையுஞ் சொல்லிக்கொடாது, அருகில் வாய்மூடி நிற்றல் வேண்டும். ஆசிரியர்க்கு இதனினும் கடிய தவம் பிறிதில்லை. வங்காலையில் ஒரு மாணவனின் தந்தையார் உச்சிவெயிலில் வள்ளத்தருகே நின்று தளத்தைத் திறந்தார். "தம்பி, இதிலை ஒண்டும் எழுதியிருக்கேல்லையே!" என்றார். வெண்டளத்தில் இளஞ்சாம்பல் எழுத்து வகுப்பறையில் அழகாயிருந்தது. வெயிலில் மறைந்தே போயிற்று. எழுத்துக்கும் தளத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்னும் அளவினதாதல் வேண்டும் என 2008ஆம் ஆண்டின் அணுகல் நெறிகள் விதிக்கின்றன. அளந்து பார்த்தோம், எமது 3க்குங் குறைந்து நின்றது. அந்நிறத்தைத் தேர்ந்த மாணவன் முகம் வாடினான். எவரும் அவனைக் குறைகூறவில்லை. அந்நிறத்தை யாம் அனைவருமன்றோ புகழ்ந்தோம்! கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கத்தார் முந்தினால் வலை கோணி மீன் தப்புமெனத் தந்தையார் நகைத்துக் கூறினார். மறுநாட் காலையில் எழுத்துக்கள் கறுத்திருந்தன.

பாமினிக் கோப்புகள் யாவும் இப்போது யுனிக்கோட்டுக்கு மாறிவிட்டன. கையச்சுக் கோத்த பழைய மலர்களை மாணவர் தட்டச்சுச் செய்துவருகின்றனர். சில ஆண்டுகளின் மலர்கள் கல்லூரியில் ஒரு பிரதியேனும் இல்லை. வைத்திருக்கும் பழைய மாணவர் மூலத்தைத் தபாலில் அனுப்பவேண்டா. நல்ல வெளிச்சத்தில், அட்டை தொடங்கி இறுதிப் பக்கம்வரை படம்பிடித்து அனுப்பின், தட்டச்சுப் பணியை யாம் ஏற்றுக்கொள்வோம்.