காரே, காரே... உன் வயசு என்ன?

'உன் வயசு என்ன?' என்று கேட்டால், டக்கென்று சொல்லி விடுவீர்கள் குட்டீஸ். சந்தேகம் வந்தால், பிறப்புச் சான்றிதழைப் பார்க்கலாம். ஆனால், 100 வருடத்துக்கு முன் செய்த ஒரு காருக்கு வயசு என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொந்தக்காரர் ஒரு வருடம் சொல்வார். பழைய காகிதம் வேறு வருடம் சொல்லும். என்ஜின் இன்னொரு வருடம் சொல்லும்!

வாங்க, துப்பறிவோம்!

கார்கள் பிறக்கும் ஊர்

சென்னையில் இருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால், மறைமலைநகருக்கு அடுத்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள் கோயில். இந்த வட்டாரத்தில் கோயிலும் பிரபலம், காரும் பிரபலம்! மறைமலைநகர் தொழிற்சாலையில் 'ஃபோர்டு' நிறுவனம், 1999ல் 'ஐகான்' காரைச் செய்தது. 2022 வரை அங்கே கார்கள் உருவாயின. பக்கத்தில் உள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 முதல் பி.எம்.டபிள்யூ., கார்கள் தயாராகின்றன.

இப்படி வெளியே வரும் ஒவ்வொரு புது காரின் சேஸிஸிலும், 17 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் காரின் பிறப்புச் சான்றிதழ்! அது, 'எம்-ஏ-ஜே' என்று ஆரம்பித்தால், ஃபோர்டு இந்தியா செய்த கார். 'எம்-ஏ-எல்' என்றால், ஹூண்டாய் இந்தியா.

பல நிறுவனங்களின் கார்களில், பத்தாவது எழுத்து தான் வருடத்தைக் காட்டும். 2010க்கு, 'ஏ', 2011க்கு, 'பி' என்று போகும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த வரியில் வரவே வராது. ஏன் தெரியுமா? 1, 0 என்ற எண்களோடு குழம்பி விடும் அல்லவா! இன்னொரு வேடிக்கை... 30 வருடத்துக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்பி வரும். 'ஏ' என்றால் 1980 ஆகவும் இருக்கலாம். 2010 ஆகவும் இருக்கலாம். எது சரி என்று காரின் உருவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தாத்தா காரின் துப்புகள்

17 எழுத்து முறை வருவதற்கு முன் பிறந்த கார்களை என்ன செய்வது? ஃபோர்டு நிறுவனத்தின் புகழ் பெற்ற, 'மாடல் டி' காரையே எடுத்துக் கொள்வோம். 1908 முதல் 1927 வரை, ஒன்றரை கோடிக்கும் மேல் தயாரான கார் இது. பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஆனால், கூர்ந்து பார்த்தால் துப்பு கிடைக்கும்.

* முன்னால் இருக்கும் ரேடியேட்டர் பளபளக்கும் பித்தளையா? அப்படியானால், 1916 மாடல் அல்லது அதற்கு முந்தையது. 1917 மாடலில் இருந்து கறுப்பு நிற மூடி வந்து விட்டது.

* முன் விளக்கு மின்சாரத்தில் எரிகிறதா? 1915 மாடலில் தான் அது வந்தது. அதற்கு முன், கார்பைடு கேஸ் விளக்கு தான்.

* என்ஜினில் பொறித்த எண் என்ன? தொழிற்சாலையில் என்ஜின் தயாரானதும் எண் குத்தி, தேதியோடு குறித்து வைத்தனர். எண் ஒரு கோடியைத் தொட்டது, 1924 ஜூன் மாதத்தில்.

* எண்ணுக்கு முன், 'சி' என்ற எழுத்து இருக்கிறதா? அப்படியானால், கனடாவில் தயாரானது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஃபோர்டு கார்கள் அனுப்பியது கனடா நிறுவனம் தான். கனடாவின் எண் வரிசை தனி. அதை அமெரிக்கப் பட்டியலில் தேடினால், கார் பல வருடம் கிழமாகி விடும்!

யார் சொல்வது உண்மை?

இப்போது ஒரு புதிர். ஒருவர், 'இது 1912 மாடல்' என்று ஒரு மாடல் டி காரைக் காட்டுகிறார். ரேடியேட்டர் பித்தளை, விளக்கு மின்சாரம், என்ஜினின் அமெரிக்க எண், ஒரு கோடியே ஐந்து லட்சம். என்ன சொல்வீர்கள்?

பித்தளை, 'பழசு' என்கிறது. விளக்கும், என்ஜினும், 'இல்லை' என்கின்றன. ரேடியேட்டரை ஸ்பானரால் கழற்றி, சீக்கிரமே வேறு மாட்டி விடலாம். ஆக, பித்தளையை மட்டும் நம்பக் கூடாது. சரி, என்ஜினை மட்டும் நம்பலாமா? அதுவும் கூடாது. என்ஜின் பழுதாகி வேறு வைத்திருக்கலாம். அதனால் சேஸிஸ், பாடி, அச்சு, சக்கரம் என்று ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும். பல சாட்சிகள் ஒரே வருடத்தைச் சொன்னால் தான் தீர்ப்பு!

சிங்கப்பெருமாள் கோயிலிலும் இதே கதை தான். மலையைக் குடைந்த கருவறை, பல்லவர் காலத்தது. முன்னால் உள்ள மண்டபங்கள், பின்னால் வந்த மன்னர்கள் காலத்தில் சேர்ந்தவை. மண்டபத்தின் வயசைப் பார்த்து, குடைவரையின் வயசைச் சொல்ல முடியுமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. 1917 மாடல் டி, 1916 ஆகஸ்ட்டிலேயே விற்பனைக்கு வந்து விட்டது! 'செய்த வருடம்' வேறு, 'மாடல் வருடம்' வேறு. ஊருக்கு வந்து பதிவு செய்த வருடம் இன்னும் வேறு.

ஒரு வருடத்துக்கு இவ்வளவு பாடா?

ஆமாம் குட்டீஸ்! லண்டனில் இருந்து பிரைட்டன் வரை, வருடம்தோறும் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில், 1905க்கு முன் செய்த கார்களுக்கு மட்டுமே இடம். ஒரு வருடம் பிந்தினாலும், 'சாரி'!

நம் நாட்டிலும், 2021ல் மத்திய அரசு புது விதி கொண்டு வந்தது. முதல் பதிவு நாளில் இருந்து, 50 வருடம் தாண்டிய வாகனம், 'விண்டேஜ்' என்று பதிவு பெறலாம். நம்பர் பிளேட்டில், 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றி இருக்கக் கூடாது. இங்கும் சாட்சிகள் தான் பேச வேண்டும்.

வயசைக் கூட்டிச் சொன்னால் விலை கூடும் என்று பொய் சொல்பவர்களும் உண்டு. காசு கொடுத்து வாங்குபவர் ஏமாறாமல் இருக்க, இந்தத் துப்பறியும் வேலை கை கொடுக்கும்.

நீங்களும் துப்பறியலாம்!

வீட்டில் ஸ்கூட்டரோ, காரோ இருந்தால், அப்பா, அம்மாவிடம் கேட்டு ஆர்.சி.,யை வாங்கிப் பாருங்கள். அதில் தயாரித்த மாதம், வருடம் ஓரிடத்தில் இருக்கும்; பதிவு செய்த தேதி இன்னோர் இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றா? டிசம்பரில் செய்து, ஜனவரியில் பதிவான வண்டிக்கு இரண்டு வருடம் வரும்! சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து என்ன என்றும் எண்ணிப் பாருங்கள். எண்ணை வெளியாட்களிடம் மட்டும் சொல்லக் கூடாது.

அடுத்த முறை யாராவது, 'இது ரொம்பப் பழசு' என்று சொன்னால், 'சாட்சி எங்கே?' என்று கேளுங்கள். சரியா குட்டீஸ்!