துளையும் சுழற்சியும்: பம்பரமும் பௌலிங் பந்தும் பற்றிய ஓர் இயக்கவியல் நோக்கு

சுழலும் பொருளொன்றின் போக்கு, அதன் திணிவு சுழலச்சைச் சுற்றி எவ்வாறு பரந்துள்ளது என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறுவரின் பம்பரத்தையும், மேலைநாட்டுப் பௌலிங் ஆட்டத்திற் கட்டைகளை வீழ்த்த உருட்டப்படும் பந்தையும் ஒப்புநோக்கி இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரண்டிலும் துளை விழும் இடமே அச்சின் நிலையை நிர்ணயிக்கின்றது.

பூவரசங்கட்டையிற் செய்யப்படும் பம்பரத்தில் ஆணிக்குரிய துளை சமச்சீரச்சின் வழியே இறங்குதல் வேண்டும். துளை ஒரு பக்கம் விலகின் புவியீர்ப்பு மையம் சுழலச்சுக்கு வெளியே அமையும். பம்பரம் ஓரிடத்தில் நில்லாது துள்ளும். ஆணி சாய்ந்திறங்கினும் அதன் முனை அச்சினின்று விலகுவதால் விளைவு ஏறத்தாழ அதுவே. ஆணி மிக நீளின் புவியீர்ப்பு மையம் உயர்ந்து கவிழ்க்கும் திருப்பம் மிகும். வேகம் சற்றுக் குறைந்ததுமே பம்பரத்தின் தலை வட்டமிடத் தொடங்கும். கடைந்தெடுத்த கட்டையாயின், கடைச்சற் பொறி பற்றியிருந்த மையப்புள்ளியே ஆணிக்கு உரிய இடமாகும்.

பௌலிங் பந்தின் தேவை வேறு. 7.26 கிலோகிராமுக்கு மேற்படாத அப்பந்தினுள், அடர்த்தியில் வேறுபட்ட கருவொன்று பொதிந்துள்ளது. விரல்களுக்கான துளைகள் இடப்படும் இடத்திற்கேற்ப, கருவின் அச்சுக்கும் ஆட்டக்காரரின் வீச்சினால் எழும் சுழலச்சுக்கும் இடைப்பட்ட கோணம் மாறும். சமச்சீரான கருவுடைய பந்தில் இக்கோணம் 0 பாகையாகவோ 90 பாகையாகவோ இருப்பின் சுழலச்சு பெரும்பாலும் நிலைத்திருக்கும். 45 பாகையை அண்மிக்கையில் அது பந்தின் மேற்பரப்பில் மிகுதியாக இடம்பெயரும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய வளையமொன்று தளத்தைத் தொடும். எறிகோட்டிலிருந்து முதற்கட்டை வரை 18.29 மீற்றர் நீளமான தளத்தின் முற்பகுதி எண்ணெய் பூசப்பட்டது, பிற்பகுதி உலர்ந்தது. புதிய பரப்பு உராய்வைக் கூட்டுவதால் உலர்ந்த பகுதியிற் பந்து கூடுதலாக வளையும். பிடிக்கு உதவாது, இயக்கத்தை மாற்றுதற்கென்றே இடப்பட்ட மேலதிகத் துளையை ஐக்கிய அமெரிக்கப் பௌலிங் பேரவை 2020 ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து தன் போட்டிகளில் விலக்கியமை, ஒரு சிறு துளையின் வலிமைக்குச் சான்றாகும்.

ஆக, பம்பரத்தில் தவிர்க்கப்படும் அச்சுவிலகல் பௌலிங் பந்தில் விரும்பி அமைக்கப்படுகின்றது. இரண்டையும் ஆளும் விதி ஒன்றே. ஆயினும் பந்திற் துளையிடுதற்கு அளவுகளும் வரைபடங்களும் நூல்களும் உள. பம்பரம் செய்வோரின் கணிப்போ கண்ணிலும் கையிலும் மட்டுமே வாழ்ந்து, அவர்களோடு மறைகின்றது. எழுதப்படாமையினாலேயே உழைப்போரின் அறிவு வெறுங் கைப்பழக்கமாகக் கொள்ளப்படுகின்றது. கோண உந்தத்தையும் சடத்துவத் திருப்பத்தையும் தமிழிற் கற்பிக்கும் எம் வகுப்பறைகளிற் பம்பரத்திற்கும் இடமளித்தல் வேண்டும். ஆணியின் நீளத்தையும் சாய்வையும் மாணவர் அளந்து எழுதத் தொடங்கின், பட்டறையின் அறிவும் பாடநூலின் அறிவும் ஒன்றையொன்று வளர்க்கும்.