முறிகண்டிக் கச்சான் யாருடையது?

கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையே ஏ9 வீதியில் போகிற வாகனங்களில் பெரும்பாலானவை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் ஒருதரம் நிற்கும். சிலர் கற்பூரம் கொளுத்துவார்கள், சிலர் தேங்காய் உடைப்பார்கள். திரும்பி ஏறும்போது பலரின் கையில் ஒரு சரை கச்சான் இருக்கும். முறிகண்டிக் கச்சான் என்ற பெயரை எந்த அமைச்சும் உருவாக்கவில்லை. எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தரவில்லை. அடுப்படியில் நின்று வறுத்து விற்றவர்களும், வாங்கித் தின்றபடி பயணம் போனவர்களும் சேர்ந்து உண்டாக்கிய பெயர் அது.

அப்படியொரு பெயர் ஊருக்குப் பெரிய சொத்து. ஆனால் காணிக்கு உறுதி இருக்கிறது, பெயருக்கு என்ன இருக்கிறது? அதை எப்படிக் காப்பது, அதிலிருந்து ஊருக்கு எப்படி வருமானம் எடுப்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். வவுனியா உழுந்து, முல்லைத்தீவுக் காட்டுத் தேன், கிளிநொச்சி மொட்டைக்கறுப்பன் அரிசி, நந்திக்கடல் இறால் என்று உங்கள் கையில் எது இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பெயர் சோறு போடுமா? நியாயமான கேள்வி. நெல்லைப் பாருங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக அறுவடை முடிகிற நேரம் வயற்கரைக்கே லொறி வந்துவிடும். காயவைக்கத் தளம் போதாது, சேமிக்கக் களஞ்சியம் போதாது, கடன் கட்டும் நாளும் நெருங்கிவிடும். எனவே ஈர நெல்லே மூட்டையாகப் போகிறது. பிறகு அதே ஊர்க் கடையில், வேறு மாவட்டத்து ஆலையின் பெயர் அச்சிட்ட பையில் அரிசி வந்து தொங்குகிறது. அவித்தல், குற்றுதல், கல் பொறுக்குதல், பொதி செய்தல் ஆகிய அத்தனை வேலையின் கூலியும் வெளியே போய்விட்டது. மாட்டுக்கு வைக்கிற தவிடும் சேர்ந்து போய்விட்டது.

பெயர் இல்லாத மூட்டையை வாங்குபவர் விலையை மட்டும்தான் பார்ப்பார். உங்கள் மூட்டை இல்லாவிட்டால் இன்னொருவருடையது. பெயர் கேட்டு வாங்கப்படும் பொருளுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பையில் ஊர்ப் பெயரை அச்சிட்டுவிட்டு வேலை முழுவதையும் வெளியே செய்வித்தால் ஊருக்குப் பெரிதாக எதுவும் வராது. பெயரோடு பெறுமதி சேர்த்தலும் (விளைந்ததை அப்படியே கொடுக்காமல் பக்குவப்படுத்திக் கூடிய விலைக்கு விற்பது) ஊரிலேயே நடக்க வேண்டும்.

தொழிற்சாலை வந்தால் போதாதா? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும், சம்பளம் வேண்டும். ஆனால் தொழிற்சாலையை அதன் முதலாளி நாளைக்கு வேறு நாட்டுக்குக் கொண்டு போகலாம். முறிகண்டியை அப்படிக் கொண்டுபோக முடியாது.

சிறிய ஊர் ஒன்று இதைச் செய்து காட்டியிருக்கிறதா? ஜப்பானின் ஒயிட்டா மாகாணத்தில் ஒயாமா என்ற மலையூர் உண்டு. அரசு நெல்லை ஊக்குவித்த காலத்தில், தங்கள் சரிவு நிலத்துக்கு நெல் ஒத்துவராது என்று கண்ட அந்த ஊரவர்கள் 1961இல் பிளம் மரங்களும் கஷ்கொட்டை மரங்களும் நடத் தொடங்கினார்கள். நட்டு, விற்று, ஹவாய்க்குச் சுற்றுலா போவோம் என்பதே அவர்களின் கோஷம். போகவும் செய்தார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு மாகாண ஆளுநர் மொரிஹிகோ ஹிரமட்சு 1979இல் ‘ஒரு கிராமம், ஒரு உற்பத்தி’ இயக்கத்தைத் தொடங்கினார். 2001இல் தாய்லாந்து அதைத் தன் நாட்டுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டது. ஒயிட்டாவில் ஊர்களுக்கு மானியப் பணத்தை அள்ளிக் கொடுக்கவில்லை. தொழில்நுட்பம் சொல்லிக் கொடுத்தார்கள், சந்தை தேடிக் கொடுத்தார்கள், எதைச் செய்வது என்ற முடிவை ஊரிடமே விட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விடயம்.

நமக்குக் கிட்டிய உதாரணமும் உண்டு, அதுவும் கச்சானிலேயே. தமிழ்நாட்டின் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு (ஒரு பொருளின் தரமோ புகழோ அது உருவாகும் இடத்தால் வந்தது என்று சட்டம் ஏற்கும் அடையாளம்) கிடைத்தது. விண்ணப்பித்தது தனி முதலாளி அல்ல, அங்குள்ள உற்பத்தியாளர்களின் சங்கம். கரிசல் மண்ணில் விளையும் கடலை, வெல்லம், செய்முறை எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் அதே குறியீட்டைப் பெற்றன. மூன்றும் வீட்டுப் பலகாரங்கள், மூன்றும் பயணிகள் வாங்கிப் பெயர் பரப்பியவை.

போரில் எல்லாம் இழந்த எங்களுக்கு இது பொருந்துமா என்று உங்கள் மனதில் எழலாம். 2009இல் வன்னி மக்கள் வீடு, கிணறு, மாடு, மில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். திரும்பி வந்த பிறகு பெண்கள் தனித்துத் தாங்கும் குடும்பங்கள் பல, நுண்கடனில் சிக்கியவர்களும் பலர். அதனால்தான் சொல்கிறேன்: இயந்திரம் வாங்கக் கடன் எடுப்பதை முதல் வேலையாக வைக்காதீர்கள். தாச்சியும் மணலும் அடுப்பும் கொண்டு வறுத்த கச்சான்தான் அந்தப் பெயரை எடுத்தது. விற்பனை நிலைத்த பிறகு இயந்திரம் வரட்டும். போர் அழிக்காத சொத்துகளில் ஊர்ப் பெயர் ஒன்று. அதற்கு முதலீடு ஏற்கெனவே போட்டாயிற்று.

அந்தப் பெயர் எவ்வளவு பெறுமதியானது என்பதை ஆனையிறவு உப்பு காட்டியது. போரில் மூடிக்கிடந்த உப்பளம் மீண்டும் இயங்கி, 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உப்பு ‘ரஜ லுணு’ என்ற பெயரில் வந்தது. ஆனையிறவின் பெயரில்தான் அது விற்கப்பட வேண்டும் என்று வடக்கின் அரசியல் பிரதிநிதிகளும் மக்களும் உடனே கேட்டார்கள். என் பார்வையில் அது வெறும் உணர்ச்சிக் கோரிக்கை அல்ல. ஆனையிறவு என்று எழுதிய பொதியை வாங்குபவர், அந்த உப்பு எங்கே, யார் கையால் விளைந்தது என்பதை அறிந்து வாங்குகிறார். பெயரை எடுத்துவிட்டால் அது கடையிலுள்ள இன்னொரு உப்பு.

சரி, பெயரை யார் பேரில் பதிவது? தனி ஆள் ஒருவர் வியாபாரக் குறி (ஒருவரின் பொருளை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் அல்லது படம்) பதியலாம். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம்தான் அதைப் பதிகிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் வெறும் ஊர்ப் பெயரைத் தனி ஒருவர் தன்னுடையது என்று பதிவது சட்டப்படி எளிதல்ல, அது நல்லதும் அல்ல. உங்கள் வீட்டுப் பெயர், மகளின் பெயர், ஒரு படம் ஆகியவற்றைப் பதியுங்கள். ஊர்ப் பெயரைச் சங்கத்துக்கு விடுங்கள்.

சங்கம் என்ன செய்யும்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கூட்டுக் குறி (ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் விதிகளுக்கு உட்பட்டுப் பாவிக்கும் அடையாளம்) என்று ஒன்று உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ அதற்கு விண்ணப்பிக்க நினைக்கலாம். யார் பாவிக்கலாம், எந்த நிபந்தனையில், மீறினால் என்ன நடவடிக்கை என்பவற்றை எழுதி விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். வன்னிக்கு இன்று கைக்கெட்டும் வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

புவிசார் குறியீடு இலங்கையில் கிடைக்காதா? 2022ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கெனத் தனிப் பதிவேடு வைக்க வழிசெய்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது, இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது அது. ஆனால் அதற்குப் பின்னால் பெரிய ஏற்றுமதித் துறையே நின்றது. சிறிய ஊர் கூட்டுக் குறியில் தொடங்கி, சில ஆண்டுப் பதிவேடுகளைச் சேர்த்துக்கொண்டு அந்தப் படிக்குப் போகலாம்.

இனி, எல்லாவற்றையும்விடக் கடினமான இடம்: தரம். ஊர்ப் பெயர் பொதுக் கிணறு போன்றது, ஒருவர் அழுக்கு விட்டால் எல்லோர் வீட்டுத் தண்ணீரும் கெடும். கச்சானில் அந்த அழுக்குக்கு அஃப்லடொக்சின் (பூஞ்சணம் பிடித்த கடலையில் உண்டாகும் நஞ்சு, ஈரலைத் தாக்கி நாளடைவில் புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது) என்று பெயர். வறுத்தாலும் அது முழுமையாக அழியாது. ஆகவே காப்பாற்ற வேண்டிய இடம் தாச்சி அல்ல, தோட்டமும் காயவைக்கும் தளமும்தான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பிடுங்கிய கச்சானை ஈரத்தோடு உரப்பையில் கட்டி வைக்காதீர்கள். வெறும் மண்ணில் பரப்பாமல் படங்கிலோ சீமெந்துத் தளத்திலோ காயவிடுங்கள். கோதை எடுத்துக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும், ஈரப்பதன் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் வறுக்க முதல் பொறுக்கி எறியுங்கள். எறிவது நட்டமாகத் தெரியும். ஆனால் கசந்த ஒரு பருப்பைக் கடித்தவர் அடுத்த முறை கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுச் சும்மா ஏறிவிடுவார்.

தரத்தோடு சேர்ந்த இன்னொரு கேள்வியைச் சங்கம் மூடி மறைக்கக் கூடாது. வன்னிக் கச்சான் முடிந்துபோன மாதங்களில் வெளியிலிருந்து வாங்கி வறுத்தால் அது முறிகண்டிக் கச்சானா? ‘இங்கே வறுத்தது’ என்பது உங்கள் வாக்குறுதியா, ‘இங்கே விளைந்தது’ என்பதா? இரண்டும் நேர்மையாக இருக்கலாம், பொதியில் எழுதியது உண்மையாக இருக்கும்வரை. விளைந்தது என்று எழுதினால் ஒட்டுசுட்டான், விசுவமடுப் பக்கத்து விவசாயிகளுக்கு நிச்சயமான சந்தை கிடைக்கும், ஆண்டு முழுவதும் விற்கச் சேமிப்பும் வேண்டிவரும். என்னைக் கேட்டால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். வேலை கூட, ஆனால் காசு வன்னிக்குள் நிற்கும்.

கோயிலடியில் சரையாக விற்பதற்கு மேல் போக வேண்டுமென்றால் கடதாசி வேலைகள் சில உண்டு. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். பொதியில் பொருளின் பெயர், நிறை, சேர்ந்த பொருள்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயர், முகவரி இருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். பயப்படாதீர்கள், முதலே கூப்பிட்டு ஆலோசனை கேளுங்கள். சுப்பர் மார்க்கெட்டுகள் பார்கோட் கேட்கும், இலங்கை நிறுவனங்களின் பார்கோட் 479 என்று தொடங்கும்.

தொகுதி இலக்கம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பத்து வீட்டில் வறுத்தது ஒரே பெயரில் போகிறது என்று வையுங்கள். ஒரு பொதியில் குறை வந்தால் எந்த வீட்டில், எந்த நாளில் வறுத்தது என்று அந்த இலக்கம் சொல்லிவிடும். ஒன்பது வீட்டின் வியாபாரம் தப்பும்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற உறவுகள் வாங்க மாட்டார்களா? விருப்பத்தோடு வாங்குவார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகச் சாப்பிடும் கடலையில் மொத்த அஃப்லடொக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமை (ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்) மீறக் கூடாது. ஆய்வுகூடச் சான்று இல்லாமல் அனுப்பினால் கொள்கலனே திரும்பி வரலாம். பாசம் ஒருமுறை வாங்க வைக்கும், இரண்டாம் முறை வாங்க வைப்பது தரம். கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டிச் சந்தைகளில் கால் ஊன்றிய பிறகு கடல் கடக்கப் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, 2021 முதல் வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சோதனைக்கும் பொதியிடல் ஆலோசனைக்கும் அவற்றின் கதவைத் தட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

வேறு யாரும் போலி அடித்தால்? பதிவு இருந்தால் சட்ட நடவடிக்கை எடுக்கலாம், இல்லாவிட்டால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். அதற்காகவாவது காலம் தாழ்த்தாதீர்கள்.

அடுத்த கச்சான் அறுவடைக்கு முன் உங்கள் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இந்த ஒரு விடயத்தைப் பேசுங்கள்: எங்கள் ஊர்ப் பெயரில் விற்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும்? வறுப்பவரும் விளைவிப்பவரும் கடை வைத்திருப்பவரும் சேர்ந்து பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, கூட்டக் குறிப்போடு கட்டி வையுங்கள். கூட்டுக் குறி விண்ணப்பத்தில் கேட்கப்படும் நிபந்தனைகளை அந்தப் பக்கத்திலிருந்தே எழுதத் தொடங்கலாம்.