மின்சாரக் கையும் றப்பர்க் காலும்

மூளை நினைத்தவுடன் விரல் மடங்கும் செயற்கைக் கையைத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டு ஆளுக்கும் பூட்டலாமா, எவ்வளவு முடியும்?" என்று எம்மிடம் கேட்போர் தொகை கூடிவருகிறது. கையிலுள்ள துண்டுக் காணியை ஈடு வைத்தாவது வாங்கிவிடலாம் என்று எண்ணுவோரும் அவர்களுள் இருக்கிறார்கள். ஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இங்கே தருகிறோம்.

தெமோதரை, ஹாலி-எல, பசறைப் பகுதித் தோட்டங்களிலிருந்து 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் பலர். போர் அவர்களை அங்கிருந்தும் கிளப்பியது. மீண்டும் உறவினரின் லயத்துக்கே வந்து ஒண்டியவர்களுள் மிதிவெடியில் காலைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. போர் 2009இல் முடிந்தது. கால் இழப்பது அதோடு முடியவில்லை. நீரிழிவுப் புண், ரயில், மண்சரிவு, அறுந்து விழுந்த மின்கம்பி என்று காரணங்கள்தான் மாறியிருக்கின்றன.

இவர்களில் அநேகருக்குத் தெரிந்த செயற்கைக் கால் ஜெய்ப்பூர்க் கால்தான். அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகர வைத்தியசாலையில் எலும்பு முறிவு வைத்தியராக இருந்தவர் டொக்டர் பிரமோத் கரண் சேத்தி. அக்காலத்தில் வெளிநாட்டு மாதிரியில் செய்த கால் விறைப்பான மரக்கட்டை. அதற்குச் சப்பாத்து மாட்ட வேண்டும். கதிரையில் அமர்ந்து, சப்பாத்துப் போட்டு, சமதரையில் நடப்பவருக்குச் செய்யப்பட்ட பொருள் அது. சம்மணமிட்டு உட்காரவும், குந்தியிருக்கவும், வெறுங்காலோடு வரப்பில் நடக்கவும் வேண்டிய உழவர்கள் அதைக் கொண்டுபோய் மூலையில் சாத்திவிட்டார்கள். அதே வைத்தியசாலையில் நோயாளருக்குக் கைவினை கற்பித்த ராம் சந்திர சர்மா என்பவர் பெரிய படிப்புப் படிக்காதவர், பரம்பரைச் சிற்பி. டயருக்கு மறுபடி றப்பர் ஏற்றும் கடையைப் பார்த்தபோதுதான் றப்பரை வேக வைத்துப் பாதம் வார்க்கும் யோசனை அவருக்கு வந்தது என்பார்கள். வைத்தியரின் அறிவும் சிற்பியின் கையும் சேர்ந்து 1968ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர்க் கால் உருவாயிற்று. 1981இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது.

தெமோதரை ரயில் நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கம் வழியாகவே ரயில் பாதை வளைந்து வருகிறதல்லவா? கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த வளையம் தோன்றியது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கதையோ நிசமோ, சர்மாவின் டயர்க் கடைக்கும் அதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது.

அந்தப் பாதத்துக்குள்ளே மென்மையான றப்பர்த் துண்டுகளும் ஒரு மரத்துண்டும் இருக்கின்றன. மேலே தோல் நிறத்தில் உறுதியான றப்பர் போர்த்தி, அச்சில் வைத்து வேக வைக்கிறார்கள். பாதம் எல்லாப் பக்கமும் சற்று வளைந்து கொடுப்பதால் கல்லிலும் கரட்டிலும் மிதிக்கலாம். சேறும் நீரும் பட்டாலும் துடைத்துவிட்டு நடக்கலாம். மேற்காலை முதலில் தகரவேலைக்காரர்கள் அலுமினியத்தில் தட்டிச் செய்தார்கள். பிற்காலத்தில் தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, காலின் அச்சில் இழுத்துச் செய்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இழுக்கும் அதே கறுப்புக் குழாயின் இனம்தான்.

1981இல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், இந்தக் காலுடன் 1984இல் மீண்டும் பரதநாட்டியம் ஆடினார். 'மயூரி' படத்தைப் பார்த்த தாய்மார் அவரை மறந்திருக்க மாட்டார்கள். நமது நாட்டில் கொழும்பு நட்புறவுச் சங்கம் 1985இலும், யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலும் இந்தக் கால்களைச் செய்யத் தொடங்கின. போர்க்காலத்தில் வடக்கில் எத்தனையோ பேர் மீண்டும் எழுந்து நின்றது இந்த றப்பர்ப் பாதத்தின் மேல்தான். 2004ஆம் ஆண்டு முதல் ராகமையில் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் பாடசாலையும் இயங்கத் தொடங்கியது.

இனி மின்சாரக் கைக்கு வருவோம். மூளை கட்டளையிட்டதும் தசை சுருங்குகிறது. சுருங்கும்போது அதில் மிகச் சிறிய அளவு மின்சாரம் உண்டாகிறது. கை போனாலும், எஞ்சிய முழங்கைப் பகுதியில் விரல்களை ஆட்டிய தசைகளின் மிச்சம் இருக்கும். "விரலை மடக்கு" என்று நினைத்தால் அந்தத் தசை இன்னும் சுருங்கும். தோலின் மேல் வைத்த உலோகத் தகடு அந்த மின்சாரத்தை உணர்ந்து பெருக்கி, பற்றறியில் ஓடும் சிறு மோட்டாருக்கு அனுப்புகிறது, கை மூடுகிறது. மந்திரம் ஒன்றுமில்லை. 1950களின் இறுதியிலேயே சோவியத் நாட்டில் இப்படியொரு கையைச் செய்து காட்டினார்கள்.

தோளோடு கை போனவருக்கு என்ன வழி? அமெரிக்காவில் மின்கம்பி வேலை செய்த ஜெஸ்ஸி சலிவன் என்பவர் 2001இல் மின்சாரம் தாக்கி இரு கைகளையும் தோளோடு இழந்தார். கைக்குப் போன நரம்புகளின் முனைகளை அவருடைய மார்புத் தசையில் இணைக்கும் முறையை வகுத்தவர் சிக்காகோவைச் சேர்ந்த டொக்டர் டொட் குய்க்கன். சலிவன் கையை மூட நினைத்தால் மார்பு துடிக்கும். அந்தத் துடிப்பு இயந்திரக் கையை இயக்கும். அதோடு ஒரு வியப்பும் நேர்ந்தது. மார்பைத் தொட்டால், இல்லாத கையைத் தொட்டதுபோல் அவருக்கு இருந்தது.

இவை உண்மைதான். எனினும், மலையில் வாழ்பவர் வேறு கணக்கும் போட வேண்டும். இத்தகைய கை பல இலட்சம் ரூபாய் பெறும். பற்றறியை ஒழுங்காக மின்னேற்ற வேண்டும். வியர்வையும் மழையும் பட்டால் தகடு தவறாக உணரும். மோட்டார் பழுதானால் பதுளையில் எந்தக் கடையில் திருத்துவது? மண்வெட்டி பிடிக்கவும், கொழுந்துக் கூடையைத் தூக்கவும், விறகு கட்டவும் அந்த விரல்கள் உகந்தவையல்ல. அவை கோப்பை பிடிக்கவும் கதவு திறக்கவும் செய்யப்பட்டவை. வயலிலும் மலையிலும் உழைப்பவருக்கு, கம்பியால் இழுத்துத் திறக்கும் கொக்கிக் கை அழகில்லாவிட்டாலும் கூடுதலாக உதவும் என்பதே எமது எண்ணம். அதற்காக யாரும் காணியை ஈடு வைக்க வேண்டியதில்லை.

முழங்காலுக்கு மேல் இழந்தவர் விடயம் வேறு. மலைச்சரிவில் ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கடினம். முழங்கால் எந்த நேரத்தில் மடிந்து விழுத்துமோ என்ற பயம். 1997இல் ஜேர்மனியில் வெளிவந்த சி-லெக் என்ற இலத்திரனியல் முழங்கால், செக்கனுக்கு 50 தடவை காலின் நிலையை அளந்து, தடுமாறினால் தானே இறுகிக் கொள்ளும். இது எமது மலைகளுக்கு உண்மையிலேயே பொருந்தும் பொருள் என்று சொல்லத் தயங்க மாட்டோம். விலைதான் எட்டாது. 2022இல் சென்னை ஐ.ஐ.டி. 'கதம்' என்ற முழங்காலை வெளியிட்டது. அதில் மின்சாரமே இல்லை; பல அச்சுகளில் மடியும் பொறிமுறையாலேயே உறுதியாக நிற்கும். ஏழை நாடுகளுக்கு வழி இத்திசையில்தான் திறக்கும்போலத் தோன்றுகிறது.

எந்தக் காலானாலும் கையானாலும் வெற்றியும் தோல்வியும் உடம்பும் பொருளும் சந்திக்கும் இடத்தில்தான். எஞ்சிய கால் நுழையும் கிண்ணம் சரியாகப் பொருந்தாவிட்டால், உலகிலேயே விலை உயர்ந்த முழங்காலும் வீண். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் வருடத்தில் எஞ்சிய கால் வற்றிச் சிறுக்கும். ஆகவே முதலில் கொடுத்த கிண்ணம் சில மாதங்களில் தளரும். அது ஏமாற்று வேலையல்ல. மறுபடி அளவெடுக்கப் போக வேண்டும். சிவந்தாலோ கொப்புளித்தாலோ காலைக் கழற்றி வையுங்கள். "பழகினால் சரியாகிவிடும்" என்று புண்ணோடு நடந்து மேலும் ஒரு தடவை வெட்டக் கொடுத்தவர்கள் உண்டு. கிண்ணமே வேண்டாம் என்று எலும்புக்குள்ளேயே உலோகத் தண்டைப் பொருத்தும் முறையும் இருக்கிறது. டைட்டேனியம் உயிருள்ள எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை சுவீடனில் பிரனமார்க் என்பவர் 1950களில் முயலின் காலில் கண்டார். 1990இல் மனிதத் தொடையில் இம்முறை செய்யப்பட்டது. ஆனால் தண்டு தோலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் கிருமி தொற்றாமல் வாழ்நாள் முழுவதும் பார்க்க வேண்டும். மழையும் அட்டையும் நிறைந்த மலைக்கு அது தோதுப்படாது.

வெட்டிய கால் அரிக்கிறது, இல்லாத விரல் வலிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பைத்தியம் என்றோ பேய் என்றோ யாரும் நினைக்க வேண்டாம். கால் போனாலும் மூளையில் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழரான வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டினார். ஒரு நிலைக்கண்ணாடியை நடுவில் வைத்து, இருக்கும் உறுப்பின் பிம்பத்தை இல்லாத உறுப்பின் இடத்தில் தெரியச் செய்து, அதை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பலருக்கு வலி குறைந்தது, எல்லோருக்கும் அல்ல.

வலியைப் பற்றிப் பேசும்போது டொக்டர் போல் பிராண்டை விட்டுவிட முடியாது. 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தியவர். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுத்தான் அழிகிறது என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் முக்கியமானவர். இரவில் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்தாலும் தெரியாது என்பதால், வீடு திரும்பும் நோயாளரிடம் பூனை ஒன்றையும் கொடுத்தனுப்பினார்களாம்.

பிராண்ட் பின்பு அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் பணியாற்றியபோது, வலிக்கு ஒரு இயந்திரம் செய்ய முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் கருவிகள். அழுத்தம் கூடினால் முதலில் காதில் ஒலி. அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு, உணர்ச்சியுள்ள அக்குளில் மின்னதிர்ச்சி. வருடக்கணக்காக முயன்றும் பலிக்கவில்லை. கருவிகள் அடிக்கடி பழுதாயின. அதைவிடப் பெரிய தொல்லை, வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் நோயாளர்களே ஆளியை அணைத்துவிட்டார்கள்! வலியின் ஆளி மனிதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார்.

இது எமக்குத் தொலைவான கதையல்ல. நீரிழிவிலும் பாதத்தின் உணர்ச்சி இப்படித்தான் செத்துப்போகிறது. வெறுங்காலோடு மலைக்குப் போகும் கொழுந்தெடுக்கும் அக்காவுக்குக் காலில் முள் ஏறியது மூன்று நாள் தெரிவதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் இரவில் கால் கழுவித் துடைத்தபின், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கட்டும். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். மின்சாரக் காலுக்குப் பணம் தேடுவதிலும் இது எவ்வளவோ இலேசு.

உடலுக்குள்ளேயே வைக்கும் கருவிகளும் உண்டு. இதயம் மெதுவாகத் துடிப்பவருக்கு வைக்கும் பேஸ்மேக்கரை 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் முதன்முதலாக ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் வைத்தார்கள். பொறியியலாளர் எல்ம்குவிஸ்ட் சப்பாத்துப் பொலிஷ் தகரத்தை அச்சாக வைத்து அதை வார்த்திருந்தார். முதற் கருவி சில மணிநேரமே உழைத்தது. அடுத்தடுத்து 26 கருவிகளோடு வாழ்ந்து, 86 வயதில் 2001இல்தான் லார்சன் இறந்தார். கருவியை வார்த்தவரையும் சத்திரசிகிச்சை செய்தவரையும்விட அதிக காலம் அவர் இருந்தார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பேஸ்மேக்கர் உள்ளவர் இறந்து உடலை எரிப்பதானால், முன்னரே வைத்தியசாலையில் சொல்லி அதை எடுத்துவிட வேண்டும். நெருப்பில் அது வெடிக்கும்.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு உட்காதில் வைக்கும் கொக்லியர் கருவி விடயத்தில் மட்டும் தாமதம் கூடாது. கேட்டுப் பழகும் ஆற்றல் மூளைக்குச் சிறு வயதில்தான் அதிகம். தமிழ்நாட்டு அரசு தனது காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இதை வழங்குவதும் அதனால்தான். கதவைத் தட்டினால் பிள்ளை திரும்புகிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அதிர்வை உணர்ந்தும் திரும்பும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை மருத்துவிச்சி அம்மாவிடம் காட்டி, காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள்.

கால் செய்யும் நிலையத்துக்குப் போகும்போது, நீங்கள் எங்கே நடக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், எப்படி உட்காருகிறீர்கள் என்று கூச்சமின்றிச் சொல்லுங்கள். லயத்துப் படியையும் பீலிக்கரைச் சறுக்கலையும் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பழைய கால் உடைந்திருந்தாலும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டு போங்கள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் புதியதைத் திருத்திச் செய்வார்கள்.